மூன்று தீபாவளித் தவணை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, முன்பின் தெரியாத ஒரு பெண் நாகலெட்சுமியின் அடுப்படிக்குள் நின்று இரண்டு கையையும் விரித்து, சுவருக்குச் சுவர் அளந்துகொண்டிருந்தாள்.

"மேசை போட எடம் காணாது போலருக்கே," என்றாள் வாசலில் நின்ற தன் புருசனிடம். "அடுப்ப அந்தப் பக்கம் மாத்திக்கிட்டா சரியா வரும்."

மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்த நாகலெட்சுமி, கையில் புல்லுக்கத்தியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு நீங்க? யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?"

அந்தப் பெண் பயந்து பின்வாங்கினாள். புருசன்காரன் தொப்பியைக் கழற்றினான். பேர் செபமாலை, நானுஓயா ரயில் ஸ்டேசனில் வேலை, தலவாக்கலைக்கு மாற்றல் வந்திருக்கிறது என்றான்.

"அழகுமுத்து மொதலாளிதாங்க பாத்துட்டு வரச் சொன்னாரு. அடுத்த மாசம் மூணாந்தேதி சாவி தர்றதா சொல்லிருக்காரு. வாடகை இருவது ரூவா. ரெண்டு மாசத்துக் காச முன்னாடியே குடுத்துட்டோம்."

"எந்த வீட்டுக்கு?"

"இந்த வீட்டுக்குத்தாங்க. பூண்டுலோயா ரோட்டுல, பச்சக் கதவு, பின்னாடி மாட்டுப்பட்டின்னாரு. இப்ப இருக்கவங்க வாடகைக்காரங்க, காலி பண்ணிருவாங்கன்னாரு."

"வாடகைக்காரங்களா?" நாகலெட்சுமியின் குரல் ரோட்டுக்குக் கேட்டது. "இந்தச் செவத்துல இருக்க ஒவ்வொரு கல்லும் என் தலையில வந்ததுய்யா! ஆத்துலருந்து மணல் சொமந்து சொமந்து எனக்கு உச்சந்தலையில மயிரு கொட்டிப்போச்சு. நா வாடகைக்காரியா?"

செபமாலையின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது ரூபாய் கொடுத்திருக்கிறார்களே. அவர்கள் என்ன செய்வார்கள்? அதுவும் நாகலெட்சுமிக்குப் புரிந்தது. திட்டிக்கொண்டே அடுப்பில் தண்ணீர் வைத்தாள். திட்டிக்கொண்டே இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றி, உள்ளங்கையில் சீனியும் வைத்துக் கொடுத்தாள்.

"குடிச்சுட்டுக் கெளம்புங்க. மூணாந்தேதி சாவிக்குப் பதிலா காசத் திருப்பி வாங்குங்க. இந்த வீடு வாடகைக்கு இல்ல."

அவர்கள் போனபின் அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள்.

தொப்பித்தோட்டத்துத் தேயிலைத் தொழிலாளர்களில் சொந்த வீடு கட்டியவர்கள் ஏழெட்டுக் குடும்பம்தான். மற்ற எல்லாரும் தோட்டம் கொடுத்த லயத்து ஒற்றை அறைக் காம்பராவில்தான். நாகலெட்சுமியின் புருசன் பழனியாண்டிக்கு அந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் அவன் தம்பி. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கோடு வாய்த்தகராறு என்று அவனைப் பற்றுச்சீட்டுக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரே வாரத்தில் காம்பராவிலிருந்து சட்டி பானையை மழையில் தூக்கி வைத்தார்கள். கைப்பிள்ளையோடு அவன் பெண்டாட்டி சாக்குப் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டில் நின்றதைப் பார்த்த அன்றைக்குத்தான், தோட்டத்துத் துரை பிடுங்க முடியாத ஒரு தரை வேண்டும் என்று பழனியாண்டி முடிவு செய்தான். தோட்ட எல்லைக்கு வெளியே பன்னிரண்டு பேர்ச் காணி வாங்கினான். இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை முடிந்து வந்து, நாலு வருசம் புருசனும் பெண்டாட்டியுமாகக் கட்டினார்கள். நாகலெட்சுமியின் தோட்டிலிருந்து தாலிக்கொடி வரை அந்தச் சுவருக்குள்தான் போனது.

கூரைத் தகரத்துக்குத்தான் காசு போதவில்லை. அழகுமுத்து அறுநூறு ரூபாய் கொடுத்தான். பழைய பெரிய கங்காணியின் மகன், தலவாக்கலையில் ஜவுளியும் மளிகையுமாகப் பெரிய கடை வைத்திருப்பவன். மாசம் பதினெட்டு ரூபாய் வட்டி. மூன்று வருசமாக ஒரு மாசம் தவறவில்லை. கொழுந்து குறைந்த மாசத்தில் ரொட்டியும் வெறும் மிளகாய்ச் சம்பலுமாகச் சாப்பிட்டு வட்டி கட்டினார்கள். அசலை மூன்று தீபாவளிக்குள் கொடுத்தால் போதும் என்று அவனே சொன்னான். இது மூன்றாவது தீபாவளி.

விறகோடு வந்த பழனியாண்டி விசயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தான்.

"வேற வீடா இருக்கும் புள்ள. மொதலாளி மாத்திச் சொல்லிருப்பாரு."

"பச்சக் கதவு, மாட்டுப்பட்டி வரைக்கும் சொன்னாங்க. என்னாங்க மாத்தி?"

"நமக்குத்தான் இன்னும் நாளு இருக்கே. தீவாளிச் சீட்டு நானூறு வந்துரும். ஒனக்கும் எனக்கும் மகனுக்கும் தோட்டத்துல குடுக்கற தீவாளி அட்வான்ஸு நூத்தம்பது. கன்னுக்குட்டி வித்த அறுவது தகரப் பொட்டியில கெடக்கு. மூஞ்சியில வீசிட்டு வந்துருவோம்."

"கடன் வாங்குனப்ப கைநாட்டு வச்ச அந்தக் காயிதத்த எடுங்க."

"எதுக்கு?"

"படிச்சவங்க யார்கிட்டயாச்சும் காட்டுவோம்."

"மொதலாளிக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரு? அவுங்க அப்பாவும் எங்க அப்பாவும் ஒரே கப்பல்ல வந்தவங்க புள்ள."

"ஒரே கப்பல்ல வந்தவன்தான் இன்னைக்கு எங் கழுத்துல கயித்தப் போட்டிருக்கான். எடுங்கன்னா எடுங்க!"

மறுநாள் திங்கட்கிழமை. நாகலெட்சுமி மத்தியானக் கொழுந்து நிறுவை முடிந்ததும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்காமல் தலவாக்கலைக்கு நடந்தாள். ஐப்பசி மழை. இடி மலைக்கு மலை உருண்டது. காகிதத்தைப் பால் தூள் டின்னில் போட்டு மாராப்புக்குள் வைத்திருந்தாள்.

முதலில் தொழிற்சங்கக் காரியாலயத்துக்குப் போனாள். அங்கே இராமையா என்ற பிரதிநிதி நாலு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். காகிதத்தை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது இங்கிலீசுல இருக்கு தங்கச்சி. அதோட இது தோட்டத்துப் பிரச்சினை இல்லையே. தொரை சம்பளத்த வெட்டுனாரா, சொல்லு. நாளைக்கே வர்றேன்."

"வீடு போகுதுங்கறேன், சம்பளத்தப் பத்திப் பேசுறீங்களே!"

"லயத்து வீடுன்னா நாங்க கேக்கலாம். இது வெளி வீடு."

"அப்ப லயத்துல இருந்தா தொரை வெரட்டுவான், வெளிய வந்தா கடைக்காரன் வெரட்டுவான். ரெண்டுக்கும் நடுவுல நாங்க எங்க குடியிருக்கறது, ரோட்டுலயா? பதினாலு வருசமா மாசச் சந்தா வாங்குனீங்களே. அப்ப இது வெளிக்காசு உள்காசுன்னு பாத்தா வாங்குனீங்க?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். இராமையா கோபித்துக்கொள்ளவில்லை. தலையைச் சொறிந்தார்.

"நீ கேக்கறது நியாயந்தான். நம்ம பள்ளிக்கூடத்து டீச்சர்கிட்ட காட்டு. அவங்க தம்பி நுவரெலியாவுல ஒரு புரொக்டர் வக்கீல்கிட்ட கிளாக்கரா இருக்காரு."

மரியநாயகி டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்து வாட்சரின் மகள். நாகலெட்சுமியை அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, ஈரத்தைத் துடைக்கத் துண்டு கொடுத்துவிட்டு, காகிதத்தை விளக்கருகே பிடித்து வாசித்தார். ஒருமுறை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"அக்கா, இத எழுதும்போது என்னான்னு சொன்னாங்க?"

"வீட்ட ஈடு வக்கிறோம்னு."

"இது ஈடு இல்லக்கா. வித்தாச்சு."

நாகலெட்சுமிக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை.

"அறுநூறு ரூவாய்க்கு வீட்டையும் காணியையும் அழகுமுத்துக்கு வித்துட்டதா எழுதிருக்கு. மூணு வருசத்துக்குள்ள அறுநூறையும் வட்டியையும் குடுத்தா திருப்பி எழுதித் தருவாராம். அந்த நாளு தாண்டுனா வீடு அவருக்கே."

"தீவாளிக்குக் குடுத்துருவோமே டீச்சர்!"

"இதுல தீவாளின்னு எங்கயும் இல்லக்கா. தேதிதான் இருக்கு. அறுவதாம் வருசம் நவம்பர் ரெண்டாந்தேதி எழுதினது. இந்த நவம்பர் ரெண்டோட முடியுது. சனிக்கெழம."

"சனிக்கெழமயா? தீவாளி எப்ப?"

"பதினஞ்சாந்தேதி."

நாகலெட்சுமி விரலை விட்டு எண்ணினாள். அறுபதில் தீபாவளி முந்தி வந்தது. அது முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் காகிதம் எழுத நொத்தாரிசு வீட்டுக்குப் போனார்கள். இந்த வருசம் தீபாவளி பிந்தி வருகிறது. சீட்டும் அட்வான்ஸும் கைக்கு வரும்போது நாள் தாண்டியிருக்கும். தோட்டத்தில் பிறப்பு, சாவு, கடன், கல்யாணம் எல்லாவற்றையும் தீபாவளியையும் திருவிழாவையும் வைத்துத்தான் கணக்குச் சொல்வார்கள். அது அழகுமுத்துக்குத் தெரியும். அவனும் அந்த லயத்தில் பிறந்தவன்தானே. தெரிந்துதான் வாயால் தீபாவளி என்றான், காகிதத்தில் தேதி போட்டான்.

"பாவி," என்றாள் நாகலெட்சுமி மெதுவாக. பிறகு எழுந்து நின்று, "படுபாவி! எங்க தீவாளிய வச்சே எங்க வீட்டப் புடுங்கப் பாத்தானே!" என்று கத்தினாள். பக்கத்து அறைக் கதவு திறந்தது.

டீச்சர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"கொழும்புல கடன் இணக்க சபைன்னு ஒண்ணு இருக்குக்கா. இப்பிடி மாட்டிக்கிட்டவங்களுக்காகத்தான் வச்சிருக்காங்க. நாள் முடியறதுக்கு முன்னாடி மனுக் குடுத்துட்டா, ரெண்டு பேரையும் கூப்புட்டு விசாரிப்பாங்க. நியாயமான வட்டி போட்டு, தவணை வச்சுக் கட்டச் சொல்லுவாங்க. நா எழுதித் தர்றேன். எந் தம்பி கூட்டிட்டுப் போவான். ஆனா காணி உறுதிப் பத்திரம் அண்ணன் பேருல இருக்கு. மனுவுல அவருதான் கைநாட்டு வக்கணும்."

அங்கேதான் சிக்கல் வந்தது.

பழனியாண்டி எல்லாவற்றையும் கேட்டான். கடைசியில், "நா வைக்க மாட்டேன்," என்றான்.

"என்னாங்க சொல்றீங்க?"

"இனிமே எந்தக் காயிதத்துலயும் கைநாட்டு வைக்க மாட்டேன். அரிசிக்கு வை, வச்சேன். கம்பளிக்கு வை, வச்சேன். சம்பளத்துக்கு வை, வச்சேன். என்னா எழுதிருக்குன்னு ஒருத்தன்கிட்டயாச்சும் கேட்டிருக்கேனா? எவன் மைய நீட்டுனாலும் வெரல நீட்டுனேன். நீங்க சொல்றாப்புல அவன் ஏமாத்திருந்தா, அது இந்த வெரலு செஞ்ச வேல. இப்ப இன்னொரு காயிதங்கறீங்க. இதுல என்னா எழுதிருக்கோ!"

"டீச்சர் ஏமாத்துவாங்களா?"

"மொதலாளி ஏமாத்துவாருன்னு நா நெனச்சனா?"

இரண்டு நாள் இதுவே சண்டை. செவ்வாய் போனது. புதன்கிழமை காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்குக் கிளம்பும்போது நாகலெட்சுமி கம்பளியைக் கீழே போட்டாள்.

"சரி. நீங்க வைக்க வேணாம். எங்கூட கடைக்கு வாங்க. கடைசி நாளு எப்பன்னு அவன்கிட்டயே கேளுங்க. ரெண்டாந்தேதின்னு அவன் வாயால சொல்லிட்டா, அவன் யோக்கியன். நா அப்பறம் பேசல. காயிதத்தப் பத்தி மட்டும் மூச்சு விடாதீங்க."

போனார்கள். கடை வாசலில் தீபாவளிச் சேலைகள் தொங்கின. அழகுமுத்து பழனியாண்டியைப் பார்த்ததும் எழுந்தே விட்டான்.

"வாங்கண்ணே வாங்க! மதினி, வாங்க. என்னா இன்னைக்கு வேல இல்லியா? தொரைக்குக் காய்ச்சலா?" அவன் சிரித்தான். "அண்ணனுக்குப் பால் தேத்தண்ணி கொண்டாங்கப்பா."

பழனியாண்டி முக்காலியில் உட்கார்ந்தான். நாகலெட்சுமி கருவாட்டுப் பெட்டி அருகே நின்றாள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம அசலு விசயமா…" என்றான் பழனியாண்டி. "கடைசி நாளு எப்ப மொதலாளி?"

"என்னண்ணே, நமக்குள்ள நாளு கீளுன்னுகிட்டு? தீவாளிதானே பேச்சு. சீட்ட எடுங்க, அட்வான்ஸ வாங்குங்க, நிதானமா கொண்டாங்க."

"அதுக்கு முன்னாடி ஏதாச்சும்…"

"முன்னாடி கொண்டாந்தா நா கோவிச்சுக்குவேன் பாருங்க! எங்கயாச்சும் கைமாத்து வாங்கி, அதுக்கு வேற வட்டி கட்டிக்கிட்டு… வேணாம்ணே. தீவாளிக்கே வாங்க." சொல்லிக்கொண்டே கட்டிக்கொள்ள ஒரு புதுச் சாரத்தை எடுத்து அவன் மடியில் வைத்தான். "இது எங் கையால. எங்கப்பா இருந்தா குடுத்திருப்பாரு."

பழனியாண்டி சாரத்தைப் பார்த்தான். நீலக் கட்டம் போட்ட நல்ல சாரம். அதை மடிப்புக் கலையாமல் எடுத்து மேசைமேல் வைத்தான்.

"தீவாளிக்கு வந்து வாங்கிக்கறேன் தம்பி," என்றான்.

முதலாளி என்று கூப்பிடவில்லை. அழகுமுத்து அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

திரும்பி நடந்தார்கள். பாலத்தில் பழனியாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு, குடித்த தேத்தண்ணி முழுவதையும் ஆற்றில் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்தான்.

"சிரிச்சான் புள்ள," என்றான். "கண்ணப் பாத்து அண்ணேன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"ம்."

"டீச்சரு இந்நேரம் பள்ளிக்கூடத்துல இருப்பாங்களா?"

பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த வகுப்பிலேயே மனு மேசைக்கு வந்தது. டீச்சர் மையைத் திறந்தார். பழனியாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"மொதல்ல படிச்சுச் சொல்லுங்க டீச்சர். ஒரு வரி விடாம."

டீச்சர் தமிழில் படித்துச் சொன்னார்.

"இன்னொருக்கா."

இன்னொரு தடவையும் சொன்னார். "நாற்பத்தொன்பது வயதுத் தொழிலாளியாகிய நான்" என்ற இடத்தில் அவன் நிறுத்தினான். "அம்பத்தொண்ணு டீச்சர். தப்பா இருக்கு." டீச்சர் வெட்டித் திருத்தினார். அதற்குப் பிறகுதான் விரலை நீட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு, காகிதம் குழியும் அளவுக்கு அழுத்தினான்.

வியாழக்கிழமை பழனியாண்டி டீச்சரின் தம்பி ஞானரட்ணத்தோடு கொழும்புக்கு ரயில் ஏறினான். நாவலப்பிட்டிக்குக் கீழே அவன் போனது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை மனுவைக் கொடுத்து, பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கி வந்தார்கள். ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது.

மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, அழகுமுத்து இரண்டு ஆட்களோடும் ஒரு பெரிய பூட்டோடும் வந்தான். முகம் மட்டும் வருத்தமாக இருந்தது.

"என்னண்ணே செய்யறது? நேத்தோட நாளு முடிஞ்சிருச்சு. சட்டம் அப்பிடி. ஒரு வாரம் இருந்துட்டுக்கூடப் போங்க, நா ஒண்ணும் சொல்லல."

"தீவாளின்னியே தம்பி?"

"அது வாய்ப்பேச்சு. காயிதம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு," என்றாள் நாகலெட்சுமி. பிரதியை அவன் கையில் கொடுக்கவில்லை. விரித்துப் பிடித்துக் காட்டினாள். "எங்ககிட்டயும் இருக்கு. இங்கிலீசுலதான் இருக்கு. ஒனக்குத்தான் படிக்கத் தெரியுமே, படி."

அவன் படித்தான். காது மடல் சிவந்தது.

"கொழும்பு வரைக்கும் போயிட்டியாடா? கொழுந்துக் கூடை தூக்குன நாயிங்களுக்கு…"

"இப்பத்தான் ஒரிஜினல் சத்தம் வருது," என்றான் பழனியாண்டி. "அண்ணேன்னு கூப்புட்டப்ப எனக்கு வயித்தக் கலக்குச்சு. இது பரவால்ல."

வேலியோரம் கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அழகுமுத்து பூட்டைத் தூக்கிக்கொண்டு போனான். விசாரணையில் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டுத்தான் போனான்.

எல்லாரும் கலைந்தபின் ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். காளியாயி. நாலு வீடு தள்ளி இருப்பவள், புருசன் செத்தவள். அவள் இடுப்பிலும் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. மகள் கல்யாணத்துக்கு அழகுமுத்துவிடம் நானூறு ரூபாய் வாங்கியிருந்தாள். நாகலெட்சுமி அவளை டீச்சரிடம் கூட்டிப் போனாள்.

டீச்சர் படித்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது பெப்ருவரியோட முடிஞ்சிருச்சு அம்மா. மாசி மாசம்."

"இல்லியே. இந்த மாசங்கூட வட்டி கட்டுனனே. பன்னெண்டு ரூவா. வாங்கிக்கிட்டாரே."

"வாங்கிருப்பாரு."

"வீடு எனக்கில்லன்னா, ஒம்பது மாசமா எதுக்கு வாங்குனாரு?"

சபைக்கு இனி மனுக் கொடுக்க முடியுமா என்று தம்பியைக் கேட்கிறேன், ஆனால் நம்பிக்கை இல்லை என்று உள்ளதைச் சொன்னார். காளியாயி அழவில்லை. காகிதத்தை மடித்து மடித்து, இனி மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள்.

"இப்பவே போவோம் வா, அவன் சட்டயப் புடிச்சுக் கேக்கறேன்," என்று எழுந்தாள்.

"இப்ப வேணாம்," என்றாள் நாகலெட்சுமி. "இன்னைக்குக் கடையில ஈதான் இருக்கும். எட்டாந்தேதி அட்வான்ஸ் குடுக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம கடை நெறையட்டும். நம்ம தீவாளிய அவன் கணக்குப் பண்ணானுல்ல? நாமளும் பண்ணுவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. நாலு தோட்டத்துச் சனம். பெண்கள் சேலையை மேலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் வெடிப்பெட்டியைக் கேட்டு அழுதுகொண்டிருந்தன. காளியாயி கூட்டத்தை இடித்துக்கொண்டு மேசைக்குப் போனாள்.

"எங் காசக் குடு."

"என்னா காசு?" என்றான் அழகுமுத்து.

"மாசியிலயே என் வீடு ஒன்னோடதாயிருச்சாம். அதுக்கப்பறம் ஒம்பது மாசம் வட்டி வாங்கிருக்கே. நூத்தியெட்டு ரூவா. வீட்டப் பத்தி அப்பறம் பேசுவோம். மொதல்ல அந்தக் காச எடுத்து இங்க வை."

"ஏய், வெளிய போ! யாவார நேரத்துல…"

"எல்லாரும் கேளுங்க!" நாகலெட்சுமி உப்பு மூட்டைமேல் ஏறி நின்றாள். "இவன் வாயில தீவாளிம்பான், காயிதத்துல தேதி போடுவான். ஈடும்பான், வித்ததா எழுதுவான். எங்க வீட்டுல போன வாரம் பூட்டோட வந்து நின்னான். இந்தக் கெழவி வீடு போயேபோச்சு. இங்க வேற யாராச்சும் இவன்கிட்ட கைநாட்டு வச்சிருக்கீங்களா? வெக்கப்படாதீங்க, எம் புருசனும் வச்சவருதான்!"

சிலபேர் நைசாக வெளியே போனார்கள். சிலபேர் அப்படியே நின்றார்கள். அந்தக் கடையில் கடன் பற்று இருந்தவர்கள் எதைப் பேசுவார்கள்? அழகுமுத்து நாகலெட்சுமியைக் கீழே இழுக்க ஆளைக் கூப்பிட்டான். கடைப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒருத்தனும் நகரவில்லை.

மேசை ஓரத்தில் மஞ்சள் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அழகம்மா என்பவள் வாயைத் திறந்தாள். தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்காரி.

"எங்க வீட்டுக்காரரும் வச்சாரு அக்கா."

"எப்ப?"

"மாரியம்மன் திருவிழா முடிஞ்சு."

"எந்த வருசத்துத் திருவிழா?"

அழகம்மா யோசித்தாள். "சின்னவன் அப்ப தவந்துகிட்டு இருந்தான்…" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. தோளில் கிடந்த சேலையை மடிக்காமல் மேசையில் போட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே ஓடினாள்.

நாகலெட்சுமி மூட்டையிலிருந்து குதித்து வாசலுக்கு வந்தாள்.

"காயிதத்த எடுத்துக்கிட்டு நேரா டீச்சர் வீட்டுக்கு வா!" என்று மழையில் ஓடுகிறவளைப் பார்த்துக் கத்தினாள். "நிக்காத! நாளு இருக்கான்னு பாப்போம். ஓடு புள்ள, ஓடு!"